உன் கண்ணீர் அஞ்சலியை நான்தான் வெட்டினேன்

மைதாப் பசை வாசனை இன்னும் என் கையில் இருக்கிறது. உன் பதினாறாம் நாள் போஸ்டரைக் காலையில் மேற்குத் தாம்பரத்தில் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருக்கும் சுவரில் ஒட்டினார்கள். ஒரு மூலை மடங்கி நின்றதை நானே தேய்த்துவிட்டேன். சோப்பு போட்டும் வாசனை போகவில்லை. போகாவிட்டால் போகட்டும்.

உனக்கு நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் உன் கணவர் வந்தார். கையில் நீ ஆஸ்பத்திரியில் படுத்தபடியே எழுதிவைத்த காகிதம். உன் இரங்கலை நீயே எழுதியிருக்கிறாய், பதினோரு வரி! "போஸ்டர் கடைக்காரர் இடம் பத்தாதுங்கிறார். நீங்க நோட்டீஸ் எழுதுறவங்க, கொஞ்சம் சுருக்கித் தாங்க" என்றார். பாவம், அந்த மனுஷருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. செத்துப்போனவள் விஷயத்தில் இப்படி ஒரு சந்தோஷமா என்று கேட்காதே. சந்தோஷம்தான்.

சேலையூரில் உன் மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் நாலு மணிக்குக் கதை படிப்போமே, அங்கே பன்னிரண்டு பேர் முன்னால் என் கதையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது நோட்டீஸுடி. கதை இல்ல" என்று திருப்பிக் கொடுத்தாய். எல்லாரும் சிரித்தார்கள். நீ தொகுத்த புத்தகத்தில் அவர்கள் எல்லார் கதையும் வந்தது, என்னுடையதைத் தவிர. அதற்குப் பிறகு ஆறு வருஷம் நான் கதையே எழுதவில்லை. ஆனால் ஒரு ஞாயிறு தவறாமல் வந்து உன் எதிரில் உட்கார்ந்தேன். வராமல் இருந்தால் நீ ஜெயித்ததாக ஆகிவிடும்.

அந்த ஆறு வருஷமும் முடிச்சூர் மனைக்கும் மாடம்பாக்கம் டியூஷனுக்கும் இட்லி மாவுக்கும் நோட்டீஸ் எழுதினேன். எழுதிக் கொடுத்ததோடு விடமாட்டேன். ஸ்டேஷன் மேம்பாலப் படிக்கட்டில் அதைக் கொடுக்கும்போது ஓரமாக நிற்பேன். யார் எந்த வரிவரை படிக்கிறார்கள், எந்தப் படியில் கீழே போடுகிறார்கள் என்று பார்ப்பேன். 'தரமான', 'சுவையான' என்று ஆரம்பித்தது எதுவும் மூன்றாம் படியைத் தாண்டியதில்லை. ஆறாவது வருஷம் ஒருமுறை 'இன்று காலை அரைத்தது. நாளை புளித்துவிடும்' என்று மட்டும் எழுதினேன். மாவுக்காரர் பதறிவிட்டார். "இன்னா மேடம், நம்ம மாவு புளிக்கும்னு நீங்களே எழுதி வச்சிகீறீங்க?"

அன்றைக்குத்தான் ஜனங்கள் நோட்டீஸை மடித்துப் பைக்குள் வைத்தார்கள். வீட்டுக்கு வந்து, நீ திருப்பிக் கொடுத்த கதையை எடுத்தேன். முதல் இரண்டு பக்கமும் படிக்கட்டிலேயே விழுந்துவிடும் என்று தெரிந்தது. வெட்டினேன். அதில் நோட்டீஸ் அதிகம் என்றாய். இல்லை, போதாமல்தான் இருந்தது. அன்றிலிருந்து மறுபடி கதை எழுத ஆரம்பித்தேன். அந்தக் கதை இப்போது என் முதல் புத்தகத்தில் முதல் கதையாக வரப்போகிறது. அதைப் பார்க்காமல் போய்விட்டாய் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

அதே பேனாவால்தான் உன் பதினோரு வரியில் கை வைத்தேன். 'காலத்தை வென்ற' போனது. 'எழுத்துலகின் விடிவெள்ளி' போனது. ஒவ்வொன்றை அடிக்கும்போதும் அந்தப் பன்னிரண்டு பேரின் சிரிப்பு காதில் கேட்டது. கடைசியில் உன் படம், பெயர், கீழே நான் எழுதிய ஒரே வரி: 'ஞாயிறு நாலு மணிக்கு இனிக் கூட்டம் இல்லை.'

ஒட்டி முடித்ததும் பழக்கம் விடாமல் ஓரமாக நின்றேன். கீரைக்கட்டோடு வந்த ஒரு அம்மா நின்று முழுசாகப் படித்தாள்.

"யாரும்மா இது? இன்னா கூட்டம்?"

"கதை படிப்போம்."

"அடப்பாவமே. அப்ப இனிமே நீங்கள்லாம் எங்க போவீங்க?"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். உன்னை ஜெயித்துக் காட்டத்தான் மறுபடி எழுத உட்கார்ந்தேன். இனி யாரிடம் போய்க் காட்டுவது?

மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. வரும் ஞாயிறு நாலு மணிக்கு அந்தப் பன்னிரண்டு பேரையும் என் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் உன் கதையைத்தான் படிக்கப்போகிறேன், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு.