சிவப்புக் கோடு

செப்டம்பர் 4
என் புருஷன் எஃப்ராயினின் அக்கா சொராய்தா அடுத்த வாரம் வியெக்கெஸ் தீவிலிருந்து படகேறி வருகிறாளாம். போன வருஷம் வந்தவள் என் சமையலறையையே புரட்டிப் போட்டுவிட்டுப் போனாள். காபி வடிகட்டும் துணியை இன்னும் தேடுகிறேன். தம்பி இளைத்துவிட்டானாம். அவனா? தொப்பை கதவில் இடிக்கிறது.

செப்டம்பர் 6
இணையத்தில் புயல் வரைபடம் பார்த்தேன். அட்லாண்டிக் நடுவே ஒன்று சுழல்கிறது. ஒவ்வொரு கணிப்புக்கும் ஒரு கோடு. எல்லாம் வடக்கே வளைந்து கடலோடு போகின்றன. ஒரே ஒரு சிவப்புக் கோடு மட்டும் நேராக எங்கள் ஊர் மேல் ஏறுகிறது.

மற்ற கோடுகளை அழித்துவிட்டு, அந்தப் படத்தை அவளுக்கு அனுப்பினேன். இந்தத் தடவை வரவேண்டாம், எங்கள் ஊருக்குப் புயல் வருகிறது என்று கீழே எழுதினேன். எஃப்ராயினிடம் மூச்சு விடவில்லை.

செப்டம்பர் 7
பார்த்துவிட்டாள். பதில் இல்லை. நிம்மதி.

செப்டம்பர் 8
வாசலில் சொராய்தா. இரண்டு பெட்டி, ஒரு கிளிக்கூண்டு.

"கோடு எங்க தீவு மேல ஏறித்தானே உங்க ஊருக்கு வருது, பாக்கலயா நீ? என்னுது தகரக் கூரை, உன்னுது கான்கிரீட். வேற எங்க போவேன்?"

எனக்கு ஏன் உறைக்கவில்லை? புயலென்றால் தகரக் கூரைக்காரர்கள் கான்கிரீட் வீட்டுச் சொந்தங்களிடம் ஓடிவருவது இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 9
துவரைச் சோற்றில் உப்பு இல்லையாம். கிளி எஃப்ராயினைத் 'தொப்பை' என்கிறது — அது மட்டும் பிடித்திருக்கிறது.

செப்டம்பர் 10
மற்ற கோடுகளும் ஒவ்வொன்றாகச் சிவப்பின் பக்கம் சாய்கின்றன. விளையாட்டாகத்தானே அனுப்பினேன், கடவுளே... பயமாயிருக்கு. ஜன்னல்களுக்குப் பலகை அடித்தோம். எஃப்ராயினைவிட அவள் நன்றாக அடிக்கிறாள்.

செப்டம்பர் 13
புயல் ஊளையிட்டுவிட்டுப் போய்விட்டது. கரண்ட் இல்லை. மூன்று பேரும் கிளியும் பத்திரம்.

அவள் பக்கத்து வீட்டுக்காரர் படம் அனுப்பியிருக்கிறார். கூரையே இல்லை; கட்டில் மேல் தென்னைமரம் கிடக்கிறது. வெகுநேரம் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ அந்தப் படத்தை அனுப்பலைன்னா அதுலதான் படுத்திருப்பேன்."

சொல்லிவிடலாமா? வாய்வரை வந்தது. காபி போடப் போய்விட்டேன்.

நவம்பர் 18
அங்கே கூரை போட்டாயிற்று, நாளை கிளம்புகிறாளாம். காலையிலிருந்து எனக்கு எதுவும் ஓடவில்லை. பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவளிடம் போனை நீட்டினேன். கடலில் ஒரு சுழல், வியெக்கெஸை நோக்கி ஒரே ஒரு கோடு.

"அண்ணி, எதுக்கும் இன்னும் ஒரு வாரம் இருந்துட்டுப் போங்களேன்."

கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"போன தடவையே கேக்கணும்னு நெனச்சேன். மத்த கோடெல்லாம் எங்கடி?"

கேட்டுவிட்டு, அடுக்கிய துணிகளை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள்.