தியரெட்டிக்கலி

செவ்வாய், இரவு.

தம்பியின் இரண்டு விரல்களை நசுக்கிய பிரஸ் மிஷினைப் பற்றிக் கேட்க, அவன் மனைவி செல்வியோடு கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குப் போனேன். நான் இங்கிலீஷ் படித்தவள் என்றுதான் அவள் கூப்பிட்டாள். மேனேஜர் தமிழர்தான். இருந்தும், "தியரெட்டிக்கலி, அதுல கை மாட்ட சான்ஸே இல்ல" என்றார்.

"இன்னா அண்ணி சொல்றாரு?" என்று செல்வி கேட்டாள்.

"கணக்குப்படி கை மாட்டாதாம்."

"மாட்டிக்கினுதானே விரலு போச்சு?"

கை உள்ளே போனால் மிஷினை நிறுத்தும் சென்சாரை ஏன் கழற்றி வைத்திருந்தீர்கள் என்று நான் கேட்டேன். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

திரும்பும் ரயிலில் 'தியரெட்டிக்கலி' என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது என்று போனில் தேடினேன். கிரேக்க மொழியில் அதன் வேருக்குப் 'பார்ப்பது' என்று பொருளாம். வேடிக்கை பார்ப்பவனுக்கும் அதே வேர்தானாம். மனசுக்குள்ளேயே பார்ப்பது, யோசிப்பது என்பதெல்லாம் பிறகு வந்ததாம். மேனேஜரின் அறை மாடியில், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் யார் கையும் மாட்டாது.

வீட்டில் தம்பி, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்தபடி, "இன்னாக்கா சொன்னாங்க?" என்று கேட்டான்.

"பாக்கலாம்னு சொன்னாங்கடா" என்றேன்.