சட்டையில் விட்டுப்போன பெயர்

டர்ஹாம், வட கரோலினா
மே 12

அன்பு மகள் ரோஷெலுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உன் தங்கை ஒடெஸாவும் இங்கே சுகம், என் இடுப்பு மட்டும் முப்பது வருஷம் பஸ் ஓட்டியதற்காக இன்னும் என்மேல் கோபமாக இருக்கிறது. அலாஸ்காக் குளிரில் நீயும் உன் வகுப்புப் பிள்ளைகளும் நலம் என்றே நம்புகிறேன். நாலு வருஷம் கழித்துக் கடிதமா என்று புருவத்தைத் தூக்காதே, காரணத்தைக் கேள்.

ஒடெஸாவைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைக்கப் போகிறேன் என்றபோது நீ போனில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "அவ உங்க பேச்சை மட்டுமே கேட்டு வளருவா, கடைசியில தலையாட்டத்தான் தெரியும்" என்றாய். நானும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அதோடு நீ இந்தப் பக்கமே வரவில்லை. பாடம் எப்படி நடக்கிறது தெரியுமா? காலைச் சாப்பாடு முடிந்ததும் சமையலறை மேசையில் ஒரு பழைய புகைப்படத்தை வைப்பேன், பேச ஆரம்பிப்போம், பேச்சு எங்கே போய் முடியும் என்று எனக்கே தெரியாது. நெடுஞ்சாலை போடுவதற்காக நம் கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருவை அரசாங்கம் இடித்த படத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் பேசினோம். கேள்வி மூன்றுதான்: யார் முடிவு செய்தது, யாரைக் கேட்கவில்லை, இங்கே யாரைக் காணோம். போன மாதம் பல் தேய்க்கச் சொன்ன அம்மாவிடமே, "இதை யாரு முடிவு பண்ணினது?" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

போன செவ்வாய்க்கிழமை எனக்குப் புத்தி பிசகிவிட்டது. வருஷா வருஷம் ஜூலையில் குடும்பம் மொத்தமும் கூடும்போது எல்லாரும் போடுகிற சட்டையின் மாதிரி வந்திருந்தது, முதுகில் நூற்றுப் பன்னிரண்டு பெயர். இதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் உண்டா என்று பெருமையாக மேசைமேல் விரித்தேன். விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனவள் நிமிர்ந்து, "அப்பா, அக்காவைக் காணோமே" என்றாள். மூன்று வருஷம் சேர்ந்தாற்போல் வராதவர்கள் பெயர் கிடையாது, அது விதி என்றேன். "யாரு முடிவு பண்ணினது?" என்றாள். எனக்குக் காப்பி புரையேறியது. போன வருஷம் அதைக் கொண்டுவந்தவனே நான்தான்.

அதோடு விடுவாளா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் கூடத்தில் குடும்பக் கமிட்டி உட்கார்ந்ததும், நாற்காலிமேல் ஏறி நின்று, "லுர்லீன் அத்தை, விதி போட்டப்ப அக்காவைக் கேட்டீங்களா?" என்றாள். தலைவியம்மாவாகிய என் அக்கா வாயில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு இனிப்போடு, "கேக்கறதுக்கு அவ இங்க இருந்தாத்தானேடி கண்ணு?" என்றாள். இவள் உடனே, "இல்லாதவங்களைப் பத்தித்தானே விதியே! அப்ப அவங்களைத்தானே அத்தை கேக்கணும்?" என்றாள். கூடமே சிரித்தது. லுர்லீன் முள்கரண்டியை என் பக்கம் நீட்டி, "தம்பி, இவளுக்கு வாய் குடுத்தவன் நீ, பதிலும் நீயே சொல்லு" என்றாள். கோபத்தில் போட்ட விதி என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். விதியை எடுக்கக் கை தூக்கச் சொன்னார்கள், முதல் கை என்னுடையது.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டாள். அக்காவுக்குக் கடிதம், ஒரு பக்கத்துக்குக் குறையக் கூடாது, சரியான விடை என்று எதுவும் கிடையாது. அதுதான் இது. என் பேச்சை மட்டுமே கேட்டு வளருவாள் என்று பயந்தாயே மகளே, அவள் என் பேச்சைக் கேட்பதே இல்லை. அன்று நான் பேசியது தப்பு. உன்னைப் பார்க்காமல் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக. காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொள். ஒரு விஷயம், சட்டையில் உன் பெயர் ஏறிவிட்டது. உன் அளவு என்ன என்று ஒடெஸா கேட்டாள், இப்போது எனக்குத் தெரியவில்லை. மூன்று அளவில் அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன், வந்து போட்டுப் பார்.

இப்படிக்கு
உன் அப்பா ஆல்வின்