புளி போட்டு மினுக்கிய பொத்தான்

ஹம்,
மாசி 14 (26.02.2006)

அன்பு மகள் ஆதிரைக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மா சுகம், முதுகையும் இடது காதையும் கழித்துப் பார்த்தால் நானும் சுகம், நீ பிரிஸ்பேன் வெயிலில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று அம்மா காலையில் விளக்குக்கு முன்னால் நின்று சொல்வதை நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன். போன ஞாயிறு நீ தொலைபேசி எடுத்தபோது நான் கதைக்காமல் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், ஏன் என்று கேட்டாயாம். அதற்கு முந்திய ஞாயிறு தொல்லியல் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தபோது நீ சிரித்துவிட்டு, ஒரு பொத்தானுக்கு ஏனப்பா இவ்வளவு, விட்டிடுங்கோ என்றாய். அதுதான் காரணம். தொலைபேசியில் எனக்குக் கோபம் வரும், விஷயம் வராது. ஆகவே எழுதுகிறேன். முழுக்க வாசி. சனிக்கிழமைகளில் நீ அழ அழத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது இப்படி ஒரு கடிதத்தை நீ எழுத்துக்கூட்டியாவது வாசிப்பாய் என்றுதான்.

முதுகு போய் வார்ப்புத் தொழிற்சாலையில் என்னை முன்கூட்டியே ஓய்வில் அனுப்பிய பிறகு நான் பழைய உலோகம் தேடும் கருவி ஒன்று வாங்கியது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை நீ ஒருநாளும் கேட்கவில்லை. ஆற்றங்கரையில் தோட்டக்காரி திருமதி யோசப்பினுடைய சோளக் காணி இருக்கிறது. சோளம் வெட்டி முடிந்ததிலிருந்து அடுத்த விதைப்பு வரைக்கும், அதாவது குளிர்காலம் முழுவதும், அதில் நடக்க அவள் எனக்கு அனுமதி தந்திருக்கிறாள். ஆனால் அவள் தந்தால் போதாது, அலுவலகமும் எழுத்தில் தரவேண்டும், எடுத்தது எல்லாவற்றையும் எடுத்த இடத்தோடு அவர்களுக்குக் காட்டவேண்டும். நான்கு வருடமாக அப்படியே செய்கிறேன். மற்றவர்கள் பழங்காசு தேடுகிறார்கள், எனக்குக் காசில் விருப்பமில்லை. இருநூறு வருடத்துக்கு முன் பிரெஞ்சுப் படை இந்தப் பக்கத்தால் போனது. ஒவ்வொரு சிப்பாயின் சட்டைப் பொத்தானிலும் அவன் எந்தப் படைப்பிரிவு என்று ஒரு எண் இருக்கும், அவன் பெயர் எங்கேயும் இருக்காது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் அவன் எங்கிருந்து நடந்து வந்தான் என்று கண்டுபிடிக்கலாம். இதை எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. நூலகத்தில் ஜேர்மன் அகராதியோடு இருந்து நானாகப் படித்தேன். குமாரசாமி, டோர்ட்மண்ட் தமிழ்க் கடைவாசலில் என்னைக் கண்டால், என்ன இராசலிங்கம் அண்ணை, புதையல் கிடைச்சுதோ, எங்களுக்கும் ஒரு பங்கு தாங்கோ என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்பான். இந்தக் குளிர்காலத்துக்கு முதல் பதினொரு பொத்தான் எடுத்திருந்தேன், அவ்வளவும் கறுத்துத் தேய்ந்தவை, ஒன்றிலும் எண்ணைத் திடமாக வாசிக்க ஏலாது.

போன டிசெம்பரில் ஒரு சனிக்கிழமை, மழை விட்டிருந்த நேரம், கைவிரல் விறைத்துக் கருவியைப் பிடிக்க முடியாமல் திரும்பலாம் என்று நினைத்தபோது அது சத்தம் போட்டது. ஒரு சாண் ஆழத்தில் பன்னிரண்டாவது பொத்தான். எச்சில் தொட்டுத் துடைக்கவும் கூடாது என்று விதி, நான் துடைக்கவில்லை. மண்ணுக்குள்ளால் 63 என்று தெரிந்தது. நான் அந்தச் சேற்றில் அப்படியே முழங்காலில் இருந்துவிட்டேன், எழும்ப முதுகு விடவில்லை என்பதும் உண்மை. வீட்டுக்குக் கொண்டுவந்து சின்னப் பிலிம் டப்பாவுக்குள் போட்டுச் சமையலறை யன்னலில் வைத்தேன். அங்கே வைத்தது என் பிழை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

பொங்கலுக்கு முதல் நாள் அம்மா குத்துவிளக்கு, செம்பு, பஞ்சபாத்திரம் எல்லாம் புளி போட்டு மினுக்குவாள், உனக்குத் தெரியும். டப்பாவைத் திறந்து பார்த்திருக்கிறாள், பித்தளை என்று கண்டிருக்கிறாள், அதையும் சேர்த்து மினுக்கிவிட்டாள். நான் நடந்துவிட்டு வர அது விளக்குக்குப் பக்கத்தில் ஒரு வெற்றிலையின்மேல் இருந்தது. புதுச் சட்டையிலிருந்து அறுந்து விழுந்தது மாதிரி மின்னியது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, இஞ்சேருங்கோ, உந்தத் தெறியை எப்பிடி வடிவாக்கி வைச்சிருக்கிறன், இனி உங்களுக்குக் கண்ணாடி போடாமலே வாசிக்கலாம் என்றாள். இருநூறு வருடம் மண் அதன்மேல் கட்டியிருந்த தோல் தேங்காய்த் தும்போடும் புளியோடும் குழாயால் போய்விட்டது. மூன்று நாள் நான் அவளோடு கதைக்கவில்லை. அம்மாவுக்கு அது நான் ஏசுவதைவிட மோசம் என்று நீ சின்ன வயதிலேயே எனக்குச் சொல்லியிருக்கிறாய்.

பிறகு விதிப்படி அதை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படிவத்தில், கண்டெடுத்தவர் பொருளைச் சுத்தம் செய்தாரா என்று ஒரு கேள்வி. கண்டெடுத்தவர் நான், நான் சுத்தம் செய்யவில்லை, ஆகவே இல்லை என்று எழுதினேன். எழுதியதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதற்கு இந்த மாதத் தொடக்கத்தில் மறுமொழி வந்தது. மண்ணுக்குள் கிடந்த பொருள் இப்படி இருக்காது, பழைய சாமான் சந்தையில் வாங்கியதுபோல இருக்கிறது, இடம் பற்றி நீர் சொல்வது நிஃக்ட் கிளவுப்ஹாஃப்ட், நேரில் வந்து விளக்கம் தரவேண்டும், அதுவரை அடுத்த வருட அனுமதி தருவதற்கில்லை. இதைத்தான் உனக்குத் தொலைபேசியில் வாசித்தேன், இதற்குத்தான் நீ சிரித்தாய்.

நிஃக்ட் கிளவுப்ஹாஃப்ட். நம்பத்தக்கதல்ல. அந்தச் சொல்லை நான் அகராதியில் தேடவேண்டியிருக்கவில்லை. அலுமாரிக்கு மேலிருந்த பச்சைக் கோப்பை இறக்கி, எண்பத்தாறாம் ஆண்டு எங்கள் அகதி விண்ணப்பத்தை மறுத்து வந்த கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து அதே சொல். உனக்கு அப்போது ஆறு வயது, விசாரணை நடந்த அறைக்கு வெளியே வாங்கில் இருந்து காலாட்டிக்கொண்டிருந்தாய். என்னைத் தனியாகவும் அம்மாவைத் தனியாகவும் கேட்டார்கள். ஊரில் ஆமிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தது எப்போது என்று என்னிடம் கேட்க ஜூலை 27 என்றேன். அம்மாவிடம் கேட்க, ஆடி அமாவாசைக்கு முதல் நாள் என்றிருக்கிறாள். இரண்டும் ஒரே நாள். மொழிபெயர்த்தவர் ஆடியை ஓகஸ்ட் என்று சொல்லிவிட்டார். கணவன் ஒரு மாதம் சொல்கிறான் மனைவி இன்னொரு மாதம் சொல்கிறாள் என்று எழுதிவிட்டார்கள். பிறகு நீதிமன்றம் போய் அதை நேராக்க ஐந்து வருடம், அந்த ஐந்து வருடமும் வேலை செய்ய ஏலாது, நகர எல்லையைத் தாண்ட ஏலாது. நான் மொழிபெயர்த்தவரைக் குறை சொல்லவில்லை. அவரை நான் பிறகு காணவில்லை. அம்மாவைத் தினமும் கண்டேன். அவள் தை என்றோ வைகாசி என்றோ வாய் திறந்தால் திகதியைச் சொல் என்பேன். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு தமிழ் மாதம் ஒருவரும் சொன்னதில்லை, நீயும் சொன்னதில்லை. பொங்கலைக்கூட நாங்கள் பதினாலாம் திகதி என்றுதான் சொல்லிக்கொண்டோம்.

நடந்ததை அலுவலகத்தில் சொன்னால் ஒரு வரியில் விஷயம் முடிந்துவிடும், என் மனைவி மினுக்கிவிட்டாள் என்று. அதை நான் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். இருபது வருடம் அவள்மேல் ஒன்றைச் சுமத்தினேன், இன்னொன்றையும் சுமத்த எனக்குக் களைப்பாக இருந்தது. அகராதி வைத்து மூன்று பக்கத்தில் ஒரு விளக்கம் எழுதினேன், மண்ணின் தன்மை, மழை, ஆழம் எல்லாம் இருந்தது, புளி இருக்கவில்லை. அம்மா அதை மேசையில் கண்டு வாசித்திருக்கிறாள். வாசித்துவிட்டு, உதில என்னை ஏன் காணேல்லை என்று மட்டும் கேட்டாள். உனக்கு இதில் வேலையில்லை என்றேன். செவ்வாய்க்கிழமை, அலுவலகம் நேரம் குறித்துத் தந்த டெர்மினுக்குப் போக நான் சப்பாத்துப் போடும்போது அவளும் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றாள். நானும் வாறன் என்றாள். வேண்டாம் என்றேன். உங்களோட வரேல்லை, நான் தனிய வாறன், பஸ் எல்லாருக்கும்தானே என்றாள்.

அதிகாரி உன் வயதுப் பெண்பிள்ளை, மரியாதையாகத்தான் கதைத்தாள். என் மூன்று பக்கத்தில் அரைப் பக்கம் வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். நான் வாய் திறக்க முன் அம்மா கைப்பையைத் திறந்து ஊறவைத்த புளி உருண்டையும் ஒரு கறுத்த பொத்தானும் எடுத்து மேசையில் வைத்தாள். நான் அதைப் பார்த்தவுடனே அறிந்தேன். நான்கு வருடத்துக்கு முன் நான் முதன்முதல் எடுத்தது, என்னைக் கேட்காமல் என் பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறாள். இஞ்சை பார், அது என்னுடைய... என்று தொடங்கினேன். அவள் என் பக்கம் திரும்பாமலே, நீங்கள் பேசாமல் இருங்கோ, அண்டைக்கு எனக்கு டொச் தெரியாது, இண்டைக்குத் தெரியும் என்றாள். வயோதிபர் இல்லச் சமையலறையில் பதினாலு வருடம் வேலை செய்து பழகிய டொச், இலக்கணம் கிடையாது, ஆட்களுக்கு விளங்கும். நான்தான் மினுக்கினேன், இவருக்குத் தெரியாமல், சாமிக்கு வைக்க, இப்படித்தான் என்று சொல்லிக்கொண்டு அந்த மேசையிலேயே தேய்க்கத் தொடங்கினாள். ஐந்து நிமிடத்தில் பொத்தான் மஞ்சளாய் வந்தது. அதில் எண் ஒன்றும் இல்லை, வெறும் தட்டை. நான்கு வருடமாக அதற்குள் ஒரு எண் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பிள்ளை முதலில் அம்மாவுக்கு ஏசினாள், புளிப்பு உலோகத்தைத் தின்றுவிடும், இனி ஒருநாளும் செய்யவேண்டாம் என்று. அம்மா ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு கைலேஞ்சியால் மேசையைத் துடைத்தாள். பிறகு புளிக்கு டொச்சில் என்ன பெயர் என்று இரண்டு பேரும் கதைத்து முடிவு செய்தார்கள். அம்மாவின் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதினாள். நேற்று அலுவலகத்திலிருந்து மறுகடிதம் தபாலில் வந்தது. 63ஆம் எண் பொத்தான் யோசப்பின் காணியில் எடுக்கப்பட்டது, அதை ஜெயமலர் இராசலிங்கம் புளியால் சுத்தம் செய்தார், இருவரும் சொல்வது கிளவுப்ஹாஃப்ட். முன்னால் நிஃக்ட் இல்லை. அனுமதியும் ஒரு வருடத்துக்குத் தந்திருக்கிறார்கள், எடுத்தவற்றைச் சமையலறையில் வைக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனையோடு. இருவரும் என்ற சொல்லை நான் பல தடவை வாசித்தேன். அந்தக் கடிதத்தைப் பச்சைக் கோப்பில் எண்பத்தாறாம் ஆண்டுக் கடிதத்துக்கு மேலே வைத்துவிட்டேன்.

ஆகவே இனி ஒரு பொத்தானுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்காதே. நீ சிரித்ததை நான் இன்னும் மறக்கவில்லை, மறக்கச் சொல்லாதே. நீ வெயிலில் வேலைத்தளம் போகும்போது தொப்பி போடு, காலையில் சாப்பிடாமல் போகாதே, அந்த வாடகை வீட்டுக்காரன் குளியலறைக் கூரையைத் திருத்தித் தராவிட்டால் எழுத்தில் கேள், வாயால் கேட்காதே. அடுத்த மாதம் அம்மாவின் பிறந்தநாள். கடவுச்சீட்டில் இருக்கும் நாள் நான் விண்ணப்பத்தில் குத்துமதிப்பாக எழுதிக்கொடுத்தது, அதற்கு வாழ்த்துச் சொல்லாதே. அவள் பிறந்தது பங்குனி உத்தரத்தில். இந்த வருடம் அது எப்போது வருகிறது என்று அவளிடமே கேட்டு அன்றைக்கு எடு.

இந்தக் கடிதத்தின் தலையில் திகதியை எப்படி எழுதியிருக்கிறேன் என்று பார்த்திருப்பாய். இன்று காலை எழுத உட்கார்ந்தபோது, இண்டைக்கு மாசி எத்தனை என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் அடுப்பில் வைத்ததை விட்டுவிட்டு வந்து என் முன்னால் இருந்த வெறுந்தாளைப் பார்த்தாள். பிறகு பதினாலு என்றாள். நான் பதின்மூன்று என்று நினைத்திருந்தேன். அவள் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன். இதற்குமேல் நான் அவளிடம் ஏதும் சொல்லவேண்டும் என்று நீ தொலைபேசியில் எனக்குப் புத்தி சொல்லவேண்டாம்.

எங்கள் ஊன்ட்றொப் கோயில் காமாட்சி உன்னைக் காப்பாள். நல்லாயிரு, நெடுங்காலம் இரு. மறுமொழியைக் கையால் எழுது.

உன் அப்பா,
சி. இராசலிங்கம்