மாதிரிக்கு ஒரு பாட்டில்

நவம்பர் 6, வியாழன்

எழுந்ததும் ஜாடியைத்தான் திறந்தேன். துணியை அவிழ்த்து மரக்கரண்டியால் திராட்சையை ஒரு கலக்கு. நுரை நன்றாக வந்திருக்கிறது. அப்புறம்தான் பல் தேய்த்தது, பால் காய்ச்சியது எல்லாம்.

பேப்பரில் செய்தி. மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தப் போகிறார்களாம், சிறு உற்பத்தியாளர்களுக்கும் உரிமம் உண்டாம். பதினெட்டாம் தேதி கருத்துக்கேட்புக் கூட்டம், யாரும் வரலாம். சாந்தோமில் பாதி வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு என் ஒயின்தான். இத்தனை வருஷமும் திருட்டுப் பொருள் மாதிரி துணிப்பையில் சுற்றிக் கொடுத்தாயிற்று. உரிமம் வந்தால் லேபிள் ஒட்டலாம். என் பேர் போட்டு.

அகஸ்டினிடம் சொன்னேன். "வாத்தியார் பொண்டாட்டிக்கு இதெல்லாம் தேவையா?" என்றார்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை முடிந்து எல்லோரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டேன். "கண்டிப்பா வர்றோம் ஃப்ளோரா."

நவம்பர் 18, செவ்வாய்

ஒருவரும் வரவில்லை.

ஹால் முழுக்க கோட்டு போட்ட கம்பெனிக்காரர்கள். வரைவுப்படி சிறு உற்பத்தியாளர் என்றால் ஒரு ஏக்கர் நிலமும் தனிக் கட்டடமும் வேண்டுமாம். "வீட்ல போடறவங்க சமையலறை பத்துக்குப் பத்துதான் சார்" என்று எழுந்து சொன்னேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். யார் வீட்டுக்குப் போனாலும் வெறுங்கையோடு போகாத பழக்கம் — ஒரு பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"மாதிரிக்கு சார். எங்க வீட்டு ஒயின். ருசி பாருங்க."

"லைசென்ஸ் இருக்காம்மா?"

"அதைக் கேக்கத்தானே சார் வந்திருக்கேன்."

ஹாலே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. பாட்டிலுக்கு அரக்கு வைத்து சீல் போட்டார்கள்.

வெளியே வந்தால் எதிரிலேயே அரசுக் கடை. பட்டப்பகலில் வரிசை.

நவம்பர் 19

போலீஸ் வீட்டுக்கே வந்து ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். "போடறது யாரு?" என்று ஏட்டு கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அகஸ்டின், "வேலைக்கு வர்ற தேசம்மா" என்றார். தேசம்மா திராட்சை கழுவித் தருவாள், பாட்டில் கழுவுவாள். அவ்வளவுதான்.

நான் ஏன் பேசாமல் நின்றேன்? ஏன்?

ராத்திரி அவர் விளக்கினார். "நீ போட்டேன்னு எங்கயும் சொல்லலியே. கேஸ் உன்மேல வந்தா என் ஹெட்மாஸ்டர் பதவி போச்சு. அவளுக்குப் போறதுக்கு என்ன இருக்கு?"

என்ன மனுஷன்யா நீ. வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

கோயிலில் எல்லோருக்கும் திடீரென்று ஜெபத்தில் அவ்வளவு ஈடுபாடு. தலை நிமிரவில்லை. நாத்தனார் ஜூலியட் மட்டும் வந்தாள். "அண்ணி, குரூப்ல நீங்க எடுத்த ஒயின் ஆர்டர் மெசேஜ் எல்லாம் அழிச்சிடுங்க. எங்க பேரெல்லாம் கீழ இருக்கு." நாலடி போய்த் திரும்பி வந்தாள். "கேக்குக்கு ஊத்த அரை பாட்டிலாவது ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?"

நவம்பர் 27

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

நாளைக்குச் சாயங்காலம் அகஸ்டின் தேசம்மாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகிறார். தானே போட்டதாக அவள் எழுதிக் கொடுக்கணும். அபராதம் நாம் கட்டிவிடலாமாம்.

இன்றைக்குப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "எங்க ஆளு குடிக்கிறது பூரா கவர்மெண்டு சரக்கு. கேஸு எம்மேலயா? நல்லா கீதுக்கா நாயம்."

நான் பால் பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்தேன்.

"சார் கேட்டாரு, பாக்கலாம்னேன். நீ கேளு, கையெழுத்து போட்டுர்றேன். நீ இன்னும் கேக்கலியே?"

கையைத் துடைத்துக்கொண்டு பதிலுக்கு நின்றாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போய்விட்டாள்.

காலையில் அவர் பள்ளிக்கூடம் கிளம்பியதும் நான் தனியாக ஸ்டேஷனுக்குப் போகப் போகிறேன். போட்டது நான். விற்றதும் நான். லேபிளில் வராத பேர் எஃப்.ஐ.ஆரிலாவது வரட்டும்.

அவருக்குச் சட்டை தேய்த்து வைத்துவிட்டேன். "நாளைக்கு எல்லாம் முடிஞ்சிடும்" என்றார். ஆமாம் என்றேன்.