பூமித்தாயின் பங்கு

லகுனா கொலோராடா,
மார்ச் 9

அம்மாவுக்கு நில்டா வணங்கி எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு இந்த உயரம் பழகிவிட்டது, நடந்தால் மூச்சு வாங்குவதில்லை.

நேற்று பூநாரைக் குஞ்சுகளின் காலில் அடையாள வளையம் போட்டோம் அம்மா! இன்னும் பறக்கத் தெரியாத நானூறு குஞ்சுகள். நாற்பது பேர் கைகோத்து உப்பு ஏரிக்குள் நடந்து, அவற்றைப் பட்டிக்குள் ஓட்ட வேண்டும். கிளம்புமுன் கிண்ணத்தில் சோளக் கள் கொடுத்தார்கள். குளிரில் வாங்கிய வேகத்தில் குடித்துவிட்டேன். பூமித்தாய்க்கென்று முதல் வாயை மண்ணில் ஊற்ற மறந்துபோனேன்.

பாதி வழியில் சேறு என் இடது பூட்ஸை இழுத்துக்கொண்டது. நான் விழுந்தேன், வரிசை அறுந்தது, குஞ்சுகள் அத்தனையும் என் முதுகில் ஏறி ஓடிவிட்டன. அடி ஒன்றுமில்லை, பயப்படாதே. ஆனால் இன்னும் ஒரு முறைதான் ஓட்டலாம். அதற்கு மேல் குஞ்சுகள் தாங்காது.

பக்கத்தில் வந்த சதுர்னினா அக்கா சிரித்தார். "பூமித்தாய் பங்கையும் சேத்து நீ குடிச்சேல்ல, அதான் அவ உன் பூட்ஸக் குடிச்சுட்டா. போய் ஊத்திட்டு வாடி."

ஒற்றைப் பூட்ஸோடு போய் ஊற்றினேன். இரண்டாம் முறை ஒன்றுகூடத் தப்பவில்லை. பதினேழு குஞ்சுகளுக்கு என் கையாலேயே மஞ்சள் வளையம் மாட்டினேன். மடியில் வைத்தால் அவற்றின் நெஞ்சு என்னமாய் அடித்துக்கொள்கிறது தெரியுமா?

நீ பின்னிய கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. உலர்ந்த பீச் பழமும் கொஞ்சம். இங்கே இருட்டியதும் எல்லோரும் படுத்துவிடுகிறார்கள்.

கடிதம் கொண்டுபோகும் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். குளிர்காலத்தில் இந்தப் பறவைகள் நம் ஊர் ஏரிக்கு இறங்கும். காலில் மஞ்சள் வளையம் தெரிந்தால், நில்டா சாப்பிட்டாளா என்று அதனிடம் கேள்.

உன் நில்டா