காமிராவுக்கு எடுத்த நெட்வொர்க் பாடம்

3 ஜூன், செவ்வாய்

அனல். தென்னூர் கம்ப்யூட்டர் சென்டரில் ஷூட்டிங் ஆரம்பம். மைக்கில் இரைச்சல் விழுமாம், ஃபேனை நிறுத்திவிட்டார்கள். போட்ட பவுடரெல்லாம் வீண். இத்தனை வருஷம் வகுப்பில் எடுத்த நெட்வொர்க்கிங் அடிப்படை முழுவதும் இனி வீடியோவில். இன்று ஐ.பி. அட்ரஸ். நெட்வொர்க்கில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி, அது இல்லாமல் தகவல் வந்து சேராது. மடமடவென்று சொல்லி முடித்தேன்.

ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது இவர் கேட்டார்: "எல்லாத்தையும் வீடியோ எடுத்துட்டா, அப்புறம் உன்னை எதுக்கு வெச்சுப்பாங்க?"

தெரியாமலா இருக்கிறேன். மாட்டேன் என்றால் இப்போதே போகச் சொல்வார்கள். தோசை மாவு புளித்துவிட்டது.

4 ஜூன், புதன்

டிஃபால்ட் கேட்வே. வழக்கமான உதாரணம்: ஸ்ரீரங்கத்திலிருந்து டவுனுக்கு வர காவிரிப் பாலம் ஏறியாக வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டர் வெளியே போக ராவுட்டர், அப்படித்தான். வகுப்பில் இதைச் சொன்னதும் எவனாவது, "கொள்ளிடம் பாலம் இருக்கே மேம்?" என்பான். ஒரே சிரிப்பு. அதைப் பிடித்துக்கொண்டுதான், வெளியேற இரண்டு வழி இருந்தால் ராவுட்டர் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று ஆரம்பிப்பேன்.

இன்று யாரும் கேட்கவில்லை. சும்மா நின்றேன்.

காமிராக்காரர் ஜோசப்: "என்ன மேடம், மறந்துட்டீங்களா? பரவாயில்லைங்க, கட் பண்ணிக்கலாம்."

அந்த இரண்டு வழிப் பாடம் அப்படியே விட்டுப்போனது. மேனேஜரிடம் சொன்னேன். "அடிப்படை போதும் மேடம்."

6 ஜூன், வெள்ளி

டி.என்.எஸ். போனில் பேர் போட்டு நம்பரை வைத்திருப்பது மாதிரி. நாம் வெப்சைட் பேரைத் தட்டுகிறோம், அது நம்பரைத் தேடித் தருகிறது. ஒரே டேக். ஜோசப் கைதட்டினார்.

மேனேஜர் கூப்பிட்டார். திங்கள் முதல் எல்லா பேட்ச்சுக்கும் வீடியோதான். "உங்களை விட்டுடுவோமா மேடம்? வீடியோவைப் போட்டுவிட, அட்டெண்டன்ஸ் எடுக்க ஒரு ஆள் வேணுமே. ஜூலை வரைக்கும் பார்ப்போம்."

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கோபம்கூட இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கத்தரிக்காய், கொத்தமல்லி.

9 ஜூன், திங்கள்

லேசான தூறல். புது பேட்ச். திரையில் நான், கீழே ரிமோட்டோடு நான். யாரும் அதை வேடிக்கையாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசி பெஞ்சில் உறையூர்ப் பெண் ஒருத்தி, கவிதா, கை தூக்கினாள். "மேம், எங்க வீட்டுல வைஃபை ஃபுல்லா காட்டுது, ஆனா நெட் வரமாட்டேங்குது. அது ஏன் மேம்?"

எவ்வளவு நல்ல கேள்வி! போனுக்கும் ராவுட்டருக்கும் நடுவே எல்லாம் சரி, ராவுட்டரைத் தாண்டித்தான் எங்கோ அறுந்திருக்கிறது. போர்டில் வரைந்தால் சட்டென்று புரியும். வாய் திறந்தேன். வாசலில் மேனேஜர்.

"வீடியோவை நிறுத்தாதீங்க மேடம், டைம் ஆகுது."

"அடுத்த வீடியோவுல வரும்மா" என்றேன். தலையாட்டிவிட்டு நோட்டில் குறித்துக்கொண்டாள்.

எதிலும் வராது. நான்தானே எடுத்தேன்.